வண்டி பத்திரமா இருக்கு சார்

பத்திரம்... பத்திரம்... பத்திரம்! காலையிலேர்ந்து இந்த வார்த்தையைச் சொல்ற நாலாவது ஆளு சார் நீங்க. ஏன் சார், இது கராஜா, இல்ல பச்சப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற காப்பகமா? உக்காருங்க. அட உக்காருங்க சார், பெஞ்சு சுத்தமாத்தான் இருக்கு, நேத்துத்தான் துடைச்சேன். வண்டி வரும். சீட்டு உங்ககிட்ட இருக்கு, சாவி எங்கிட்ட இருக்கு, அப்புறம் என்ன? சாம்பல் கலர், நாலு கதவு, பெர்காமோகாரர், பின் கண்ணாடியில தலையாட்டுற நாய் பொம்மை. எல்லாம் ஞாபகம் இருக்கு. முப்பத்தொரு வருஷமா இந்த 'மூணு நங்கூரம்'ங்கற கராஜ்ல நிக்கிறேன். இந்த ஏர்மெஸ் கையில விட்ட வண்டியில ஒரு கீறல் விழுந்துச்சுன்னு எவனாவது சொல்லட்டும், இந்த மீசையை எடுத்துர்றேன்.

நாலு மணிக்கு த்ரெவிசோல ஞானஸ்நானம்... தெரியும் சார், ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. நீங்கதான் ஞானத்தந்தை. புள்ளையோட கவுனு டிக்கிக்குள்ள இருக்கு. புராநோ தீவு லேஸ் வச்சுத் தைச்சது. தெரியும், தெரியும். ஞானத்தந்தை போகாம சாமியார் தண்ணி ஊத்திருவாரா? மணி இப்ப ஒண்ணரைதான். த்ரெவிசோ என்ன சந்திர மண்டலத்துலயா இருக்கு?

மேல கொஞ்சம் வேலை ஓடுது... அதான் தாமதம். பரவால்ல, பேசிக்கிட்டே இருப்போம்.

நான் தெரியாமத்தான் கேக்குறேன். இந்த வெனிஸ்ல கார் ஓடாதுன்னு உலகத்துக்கே தெரியும். பள்ளிக்கூடப் புள்ளைங்களைக் கேட்டாக்கூடச் சொல்லும். அப்புறம் எதுக்கு சார் எல்லாரும் காரைத் தூக்கிக்கிட்டு வர்றீங்க? ரயிலு வருதுல்ல! வாசல் வரைக்கும் வருது! இல்ல, கார்லதான் வருவோம். பாலத்தைத் தாண்டி வந்து, இந்த ரோமா சதுக்கத்துல ரோடு முடிஞ்சு போனதும், திருவிழாவுல தொலைஞ்ச புள்ளை மாதிரி முழிக்கிறது. போன வாரம் ஒருத்தரு, நல்லாப் படிச்சவரு மாதிரிதான் இருந்தாரு, கண்ணாடியை இறக்கி, "சான் மார்க்கோ போக எந்தப் பக்கம் திரும்பணும்?"னு கேக்குறாரு. நேராப் போங்க, நனைய ஆரம்பிச்சதும் நிறுத்துங்கன்னேன். தேங்க்ஸ் சொல்றாரு சார்! சொல்லிட்டு கியரைப் போடுறாரு! நாந்தான் ஓடிப்போய் மறிச்சேன்.

அது ஒரு ரகம். இன்னொரு ரகம் இருக்கு, சாவி குடுக்காத ரகம். வர்றப்பவே சொல்லிருவேன்... இங்க பாருங்க, இடம் சின்னது, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மூணு வரிசையா நிறுத்துவோம், பின்னாடி நிக்கிற வண்டிய எடுக்கணும்னா முன்னாடி ரெண்டு நகரணும், அதனால சாவி எங்கிட்ட இருக்கணும். சின்ன விஷயம் சார்! உடனே மூஞ்சி மாறும். என்னைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு பார்வை. என்னமோ நான் வண்டிய எடுத்துக்கிட்டு ஆஸ்திரியாவுக்கு ஓடிப்போற மாதிரி! போன ஈஸ்டருக்கு ஃபெராராவுலேர்ந்து ஒரு மனுஷன் வந்தாரு. சிரிச்சுக்கிட்டே சாவியைக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. சாயங்காலம் வண்டிய நகத்தலாம்னு போய்ப் பாக்குறேன், நுழையல. என்னன்னு பாத்தா பீரோ சாவி சார்! வீட்டுப் பீரோ சாவி! அது வழியை மறிச்சு நிக்குது, பதினோரு வண்டி பின்னாடி மாட்டிக்கிச்சு. அத்தனை பேரும் என் சட்டையைப் புடிக்கிறாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஆள் வர்றாரு. "ஒரு முன்னெச்சரிக்கைக்கு"ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்!

விசென்சாக்காரம்மா ஒருத்தங்க, தினம் ராத்திரி சாப்பிட்டதும் ஹோட்டல்லேர்ந்து போன் பண்ணுவாங்க. "என் வண்டி எப்படி இருக்கு?" சாப்பிட்டுச்சு மேடம், இப்பத்தான் தூங்குச்சு, எழுப்பவான்னு கேட்டேன். மேனேஜர்கிட்ட போட்டுக் குடுத்துட்டாங்க. இன்னும் சில பேரு போறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுப்பாங்க. பக்கவாட்டுல ஒண்ணு, முன்னாடி ஒண்ணு, குனிஞ்சு டயரை ஒண்ணு. கல்யாணத்துக்குப் பொண்ணு போட்டோ அனுப்புறதுக்குக்கூட இவ்வளவு எடுக்க மாட்டாங்க. நீங்களும் எடுத்தீங்க... பாத்தேன். இல்ல இல்ல, தப்பில்ல சார். உங்க வண்டி, உங்க இஷ்டம்.

என்ன சார் எந்திரிச்சிட்டீங்க? மேலயா? மேலல்லாம் போகக் கூடாது சார். கஸ்டமர் போகக் கூடாதுன்னு போர்டே இருக்கு. மேனேஜர் பவனெல்லோ சாப்பிடப் போயிருக்காரு, ரெண்டரைக்குத்தான் வருவாரு. அவரு வந்து உங்களை மேல பாத்தாருன்னா என் சீட்டு கிழிஞ்சிரும். இன்னும் நாலே நாலு மாசம் சார் எனக்கு, பென்ஷனுக்கு. இந்த நாலு மாசத்துல ஏதாவது ஆச்சுன்னா என் பொண்டாட்டி நோர்மா என்னைக் கால்வாய்ல தள்ளிட்டு மேல பாலத்தையும் இறக்கிருவா. உக்காருங்க.

மேல என்ன வேலைன்னா... உள்ள இருக்கற சரிவுப் பாதை இருக்குல்ல, மாடியிலேர்ந்து வண்டி இறங்குற பாதை? அதைத் தோண்டிப் போட்டிருக்காங்க. மூணு வாரம் ஆச்சு. சுற்றுலா சீசன் நடுவுல, ஜூன் மாசத்துல, எவனுக்காவது இந்த யோசனை வருமா? பவனெல்லோவுக்கு வந்துச்சு. அதனால இப்ப ஒரு வண்டிய மாடியிலேர்ந்து கீழ கொண்டு வரணும்னா, பின்பக்கச் சரிவுல இறங்கி, பின் வாசல் வழியா வெளிய போயி, ரோட்டுல ஒரு இருபது அடி நடந்து... ஓட்டிக்கிட்டுத்தான், அப்புறம் முன் வாசல் வழியா உள்ள வரணும். இருபதே அடி. ஆனா அந்த இருபது அடி எங்க இருக்கு? பஸ்ஸெல்லாம் பாலத்துக்குப் போற வழியில! இதுல ஏதாவது நடந்தா யாரு பொறுப்பு? சொல்லுங்க சார். தோண்டச் சொன்னவரு பொறுப்பா, நடுவுல மாட்டுனவன் பொறுப்பா?

இல்ல, பொதுவாத்தான் கேக்குறேன்.

ம்... சரி சார். அப்படி முறைக்காதீங்க. சொல்லிர்றேன். உங்க வண்டி இப்ப இந்தக் கட்டடத்துல இல்ல.

கத்தாதீங்க சார்! கத்தாதீங்க! பத்திரமா இருக்கு! சலூத்தே மாதா சத்தியமா, ஒரு கீறல் கிடையாது! திருட்டும் போகல, இடியும் படல. சாவி இதோ பாருங்க, என் பையிலதான் இருக்கு. கவுனு டிக்கியில இருக்கு, நாய் பொம்மை தலையாட்டிக்கிட்டு இருக்கு. எல்லாம் அதது இடத்துல இருக்கு. வண்டி மட்டும்தான்... கொஞ்சம் தள்ளி இருக்கு. மெஸ்த்ரேல.

ஆமா சார். பாலத்துக்கு அந்தப் பக்கம்.

என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க. காலையில பதினோரு மணி. நீங்க ஒரு மணிக்கு வருவீங்கன்னு சொல்லியிருந்தீங்கல்ல? சரி, நல்ல மனுஷன், ஞானஸ்நானத்துக்குப் போறவரு, வண்டிய முன்னாடியே இறக்கி வாசல்ல தயாரா வைப்போம்னு... உங்க நல்லதுக்குத்தான் சார்! மாடியிலேர்ந்து எடுத்தேன், பின் வாசல் தாண்டினேன். பாத்தா பக்கத்துல ஒரு பஸ்ஸு! ஆறாம் நம்பர். சுவரு மாதிரி வந்து ஒட்டிக்கிட்டு நிக்கிறான், நகர மாட்டேங்கறான். நான் முன் வாசலுக்குத் திரும்பவே முடியல. ஹார்ன் வேற! தள்ளிக்கிட்டே... தள்ளிக்கிட்டே போயி... பாலத்துல ஏத்தி விட்டுட்டான் சார். பாலத்துல ஏறிட்டா அப்புறம் என்ன பண்றது? நாலு கிலோமீட்டர், நேரா போகுது, திரும்புறதுக்கு ஒரு சந்து கிடையாது. ரெண்டு பக்கமும் தண்ணி. போய்த்தான் ஆகணும், போனேன்.

போனா, அங்க மெஸ்த்ரேல ரோட்டு நடுவுல ஒரு வட்டம் வச்சிருக்காங்க. யாரு சார் அதைக் கண்டுபிடிச்சது? எல்லாரும் அதுக்குள்ள வர்றாங்க, யாரும் யாருக்கும் வழி விட மாட்டேங்கறாங்க. எங்க கால்வாய்ல எதிர்ல ஒரு படகு வந்தா, அவன் கையாட்டுவான், நான் கையாட்டுவேன், உங்க வீட்டம்மா சௌக்கியமான்னு ஒரு வார்த்தை, ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிருவோம். அங்க நான் கையாட்டினேன் சார். ஒரு லாரிக்காரன் எனக்குத் திருப்பி என்ன காட்டுனான்னு உங்ககிட்ட சொல்ல முடியாது. தரைக்காரனுங்களே அப்படித்தான்... உங்களைச் சொல்லல சார். ஆறு சுத்து சுத்தினேன். ஏழாவது சுத்துல கண்ணை மூடிக்கிட்டு வெளிய வந்தேன். மூடலன்னு வச்சுக்குங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

முதல்ல கிடைச்ச இடத்துல நிறுத்தினேன். கதவைப் பூட்டினேன். ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன். கையில கயிறு இருந்திருந்தா விளக்குக் கம்பத்துல கட்டிட்டே வந்திருப்பேன், அவ்வளவு அக்கறை. அப்புறம் டிராம் புடிச்சு வந்து இங்க நிக்கிறேன், உங்களுக்காக.

இதுல உங்களுக்கு என்ன சார் நஷ்டம்? யோசிச்சுப் பாருங்களேன்! மத்த கஸ்டமரெல்லாம் இங்க வந்து, வண்டிய எடுத்து, பாலத்துல நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து போவாங்க. உங்களுக்கு மட்டும் வண்டிய பாலத்தைத் தாண்டிக் கொண்டு போயி, த்ரெவிசோ போற திசையிலயே நிறுத்தி வச்சிருக்கேன். இந்த சேவை எந்த கராஜ்ல கிடைக்கும்? நீங்க பாட்டுக்கு டிராம்ல போங்க, எடுத்துக்கிட்டு அப்படியே கிளம்பிருங்க. இங்க திரும்பி வரவே வேணாம். மேனேஜருக்கும் வேலை மிச்சம்.

எந்தத் தெருவா? தெரு... பேரு பாக்கல சார். பேரெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல, நாங்க அடையாளம் வச்சுத்தான் போவோம். டிராம் நாலாவது நிறுத்தத்துல இறங்குங்க, மெத்தைக் கடை வரும், அதுக்கு எதிர்ல போற தெரு. ரெண்டு பெரிய பச்சைக் கேட்டு இருக்கும். அந்தக் கேட்டுக்கு முன்னாடிதான், நல்லா காலியா இருந்துச்சு, யாருமே நிறுத்தல. எனக்கே ஆச்சரியம், ஊரெல்லாம் வண்டி, இங்க மட்டும் எப்படி இவ்வளவு இடம்னு. பக்கத்துல ஒரு அழகான பலகை வேற இருக்கு, உங்களுக்கு அடையாளத்துக்கு. வட்டமா, சுத்தி சிவப்பு, உள்ள நீலம், குறுக்க ஒரு கோடு. அதுக்குக் கீழ ஒரு சின்னப் படம், ஒரு லாரி ஒரு காரைப் பின்பக்கமாத் தூக்கி இழுத்துக்கிட்டுப் போற மாதிரி. மெக்கானிக் கடை விளம்பரம்போல இருக்கு.

என்ன சார்? ஏன் சார் இப்படி வேர்க்குது உங்களுக்கு? தண்ணி வேணுமா?

ஓடாதீங்க! டிராம் இப்பத்தான் போச்சு, பாருங்க, வாலு தெரியுது. அடுத்ததுக்குப் பத்து நிமிஷம் ஆகும். டாக்ஸியா? இந்த நேரத்துலயா? எல்லாரும் விமான நிலையத்துல இருப்பானுங்க. பத்து நிமிஷம் சார். பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆயிராது. சாவியைப் புடிங்க. ஆங், இப்பத் திருப்தியா?

எங்க போறீங்க? அந்தப் பக்கம் டிராம் இல்ல சார், அது பஸ் ஆபீஸு. பஸ் ஆபீஸ்ல என்ன வேலை? புகாரா? யார் மேல? அந்த ஆறாம் நம்பர் டிரைவர் மேலயா? வேணாம் சார். ஐயோ, விட்டுருங்க... பாவம், புள்ளகுட்டிக்காரன். கோவத்துல நானும் கொஞ்சம் கூடக் குறையச் சொல்லியிருப்பேன். இல்ல சார், நோட்டை எடுக்காதீங்க... வக்கீலா நீங்க? சொல்லவே இல்லியே சார்! பதினோரு மணி ஆறாம் நம்பர்னா ஆபீஸ்ல உடனே பேரைச் சொல்லிருவாங்க. ஜில்தோதான் இருப்பான். அவனும் நானும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சீட்டாடுவோம். எங்க நோர்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப மூணு வாரம் ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டு வந்தவன் சார் அவன். ஏற்கெனவே அவன் மேல ஒரு புகார் இருக்கு. இன்னொண்ணு போனா வேலையிலேர்ந்து தூக்கிருவாங்க.

நில்லுங்க சார்! நில்லுங்க!

பஸ்ஸே வரல.

ஆமா. பஸ்ஸே வரல. ஆறாம் நம்பரும் இல்ல, அறுபதாம் நம்பரும் இல்ல. நான் வெளிய வந்தப்ப ரோடு துடைச்சு விட்ட மாதிரி கிடந்துச்சு. ஒரு புறாகூட இல்ல. இந்தப் பக்கம் திரும்பினா முன் வாசல், அந்தப் பக்கம் பாலம். கை தன்னால அந்தப் பக்கம் போயிருச்சு... இல்ல, கை மேல ஏன் பழி போடணும்? நானாத்தான் திருப்பினேன்.

ஏன்னா? ஏன்னா... சிரிக்கக் கூடாது. முப்பத்தொரு வருஷம் சார். எத்தனை ஆயிரம் வண்டி, எத்தனை கம்பெனி, எத்தனை கலரு! ஒவ்வொண்ணையும் நான் அதிகமா ஓட்டுனது எவ்வளவு தெரியுமா? எம்பது அடி. தூணு, சுவரு, தூணு, சுவரு. மூணாவது கியர்னு ஒண்ணு இருக்குன்னு தெரியும், போட்டதில்ல. உள்ள எதுக்கு மூணாவது? நீங்கள்லாம் வந்து சாவியைக் குடுக்குறீங்க, பத்திரம் பத்திரம்ங்கறீங்க, அப்புறம் வந்து வாங்கிக்கிட்டு பாலத்துல பறந்து போறீங்க. நான் வாசல்ல நின்னு கையாட்டுறேன். தினமும். இன்னைக்கு வெயில் நல்லா அடிச்சுச்சு, உங்க வண்டி ஸ்டீரிங்கு நல்லா வழவழன்னு இருந்துச்சு, டாங்க்ல பெட்ரோல் நிறைய இருந்துச்சு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு சார். அவ்வளவுதான் விஷயம். ஒரு தடவை நானும் போவோம்னு போனேன்.

எப்படி இருந்துச்சா? கேக்குறீங்க பாருங்க, நீங்க நல்ல மனுஷன்... ரெண்டாவது கியர்லயேதான் போனேன். பின்னாடி இருவது வண்டி ஹார்ன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு. அடிச்சுட்டுப் போறானுங்க! ரெண்டு பக்கமும் தண்ணி, எனக்கு முன்னாடி தூணே இல்ல. கண்ணுல தண்ணி வந்துருச்சு சார், பொய் சொல்லல. திரும்பி வரலாம்னுதான் நெனச்சேன். அந்த வட்டம்தான் என்னைக் கவுத்துருச்சு. டிராம்ல வர்ற வழியெல்லாம் யார் மேல பழியப் போடலாம்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். வெக்கமாத்தான் இருக்கு.

சரி. எழுதுங்க. ஜில்தோ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. அதுதான் நியாயம். அதோ, பவனெல்லோவும் இன்னைக்குன்னு பாத்து சீக்கிரமே வந்துட்டாரு பாருங்க, பல்லு குத்திக்கிட்டே வர்றாரு, அவர்கிட்டயே குடுத்துருங்க. நான் மறைக்க மாட்டேன், தலை நிமிந்து நின்னு வாங்கிக்கிறேன். முழுப் பேரு ஏர்மெஸ் பூசெத்தோ. வயசு அறுபத்தி நாலு. வீடு ஜுதெக்கா தீவு, தேவாலயத்துக்குப் பின்னாடி. எழுதிட்டீங்களா?

அடுத்து என்ன? என்னது? லைசென்ஸ் நம்பரா?

லைசென்ஸ்னா... கார் ஓட்டுற லைசென்ஸா சார்?

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், அவரு கிட்ட வந்துட்டாரு. இல்ல... கராஜுக்குள்ள ஓட்டுறதுக்கு அது எதுக்குன்னு... முப்பத்தொரு வருஷத்துல ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதே இல்ல சார், அவரு உட்பட. நானும் சொல்லல. பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க. படகு லைசென்ஸ் இருக்கு சார் எங்கிட்ட. இதோ பாருங்க, போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, எல்லாம் சரியா இருக்கு. புதுப்பிச்சு ரெண்டு மாசம்கூட ஆகல. அதோட நம்பரை எழுதிக்கிறீங்களா?